அவர் கையெழுத்து இல்லாமலே

கேள்வி: எனக்கு 29 வயது, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி இரண்டரை வருடம். கணவர் அமெரிக்க சிட்டிசன். மும்பையில் இன்டர்வியூ முடித்து நியூ ஜெர்சி வந்து பதினைந்து மாதம் ஆகிறது. கையில் இரண்டு வருட கிரீன் கார்டு. அதாவது அவர் கையில். பாஸ்போர்ட்டும் அவரிடம்தான். வந்த மூன்றாவது மாதத்திலிருந்தே அடி. வேலைக்கு விடுவதில்லை, பேங்க் கணக்கில் என் பெயர் இல்லை. மாமியார் ஆறு மாதம் வந்து தங்கியிருந்தபோது இன்னும் மோசம். போலீசுக்கு ஒருநாளும் போனதில்லை. 'ஐ-751-ல நான் கையெழுத்துப் போடலைன்னா நீ மூட்டை கட்ட வேண்டியதுதான், குழந்தை இங்கேதான் இருக்கும்' என்பது அவருடைய தினசரி வசனம். ஐ-751 என்பது இரண்டு வருடக் கார்டைப் பத்து வருடக் கார்டாக மாற்றக் கேட்கும் படிவம். தெரிந்த அண்ணன் ஒருவர், முதலில் டைவர்ஸ் வாங்கினால்தான் தனியாக அப்ளை பண்ண முடியும் என்கிறார். அம்மாவோ, பத்து வருடக் கார்டு வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு அனுசரித்துப் போ என்கிறார். இன்னும் ஒன்பது மாதம்தானே, பொறுத்துக்கொள்ளவா? சிட்டிசன்ஷிப்பெல்லாம் இனி கனவுதானா? இப்போது திடீரென்று, ஏழு மாதக் குழந்தைக்கு மொட்டை போட ஊருக்குப் போகலாம் என்று சொல்லி, அவளுக்குப் பாஸ்போர்ட் எடுக்க என்னிடம் கையெழுத்துக் கேட்கிறார்.

— பெயர் வெளியிட விரும்பாத சகோதரி, நியூ ஜெர்சி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த மொட்டை விஷயம், அதிலிருந்து தொடங்குகிறேன். இப்போது ஊருக்குப் போகாதீர்கள்.

'குலதெய்வம் கோயிலுக்குப் போனோம்', 'நாத்தனார் கல்யாணத்துக்குப் போனோம்' என்று ஆரம்பிக்கும் கதைகளை என் அலுவலகத்தில் நிறையக் கேட்டிருக்கிறேன். மனைவியை அவள் அம்மா வீட்டில் இறக்கிவிட்டு, பத்து நாளில் கணவர் மட்டும் விமானம் ஏறிவிடுவார். பாஸ்போர்ட்டும் கார்டும் அவர் பையில் போய்விடும். எல்லாக் கணவரும் இப்படிச் செய்வார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் கார்டைப் பூட்டி வைத்திருப்பவர் திடீரென்று மொட்டை போட அவசரப்பட்டால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஒருவேளை அங்கே மாட்டிக்கொண்டாலும் வழி இல்லாமல் இல்லை. அமெரிக்காவை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகாதவர்கள், கார்டு கையில் இல்லையென்றால் ஐ-131ஏ என்ற படிவத்துக்குப் பணம் கட்டி, அமெரிக்கத் தூதரக அலுவலகத்தில் விமானம் ஏறுவதற்கான ஆவணம் கேட்கலாம். ஆனால் அதற்கு ஓட வேண்டியது நீங்கள், குழந்தை எங்கே இருக்கும் என்று தெரியாத நிலையில். தவிர, ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கிவிட்டால் பின்னால் சிட்டிசன்ஷிப் கேட்கும்போது அதுவே ஒரு கேள்வியாக வந்து நிற்கும்.

இப்போது உங்கள் கையெழுத்தைப் பற்றி. பதினாறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு அமெரிக்க பாஸ்போர்ட் எடுக்க, பொதுவாகத் தாய் தகப்பன் இருவரும் நேரில் போக வேண்டும். வர முடியாதவர் நோட்டரி முன்னால் சம்மதக் கையெழுத்துப் போட்டுத்தர வேண்டும். 'நான் கையெழுத்துப் போடலைன்னா' என்று தினமும் மிரட்டுகிற மனிதர் உங்கள் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறார், கவனித்தீர்களா? அதைக் கொடுக்காதீர்கள். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லி அடி வாங்கவும் வேண்டாம். குழந்தைக்குத் தடுப்பூசி முடியட்டும், வெயில் குறையட்டும் என்று எதையாவது சொல்லித் தள்ளிப்போடுங்கள். அமெரிக்க வெளியுறவுத் துறையில், குழந்தையின் பெயரில் பாஸ்போர்ட் விண்ணப்பம் வந்தால் பெற்றோருக்குத் தகவல் சொல்லும் திட்டம் ஒன்று இருக்கிறது. கட்டணம் கிடையாது. அதில் குழந்தையின் பெயரைப் பதிந்துவிடுங்கள்.

சரி, ஐ-751-க்கு வருவோம்.

நீங்கள் இங்கே வந்து இறங்கியபோது கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகவில்லை. அதனால்தான் நிபந்தனையோடு இரண்டு வருடக் கார்டு. போலிக் கல்யாணங்களைத் தடுப்பதற்காக 1986-இல் கொண்டுவந்த ஏற்பாடு இது: கார்டு முடிவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் கணவன் மனைவி இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டு, இது நிஜக் கல்யாணம்தான் என்று காட்டினால் நிபந்தனை நீங்கும். கெட்ட கணவனின் கையில் அந்தச் சட்டம் என்ன ஆயுதத்தைக் கொடுத்துவிட்டது என்பது நாலு வருடத்தில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்கே புரிந்துவிட்டது. 1990-இல் சட்டத்தைத் திருத்தி, அடிபட்டவர்கள், கொடுமைக்கு ஆளானவர்கள் கணவரின் கையெழுத்தே இல்லாமல் தனியாக ஐ-751 போடலாம் என்று வைத்தார்கள். ஆக, உங்கள் கணவர் காட்டிக்கொண்டிருக்கும் பூச்சாண்டி நீங்கள் பிறப்பதற்கு முன்பே செத்துப்போனது.

தனியாகப் போடுகிறவர்களுக்கு அந்த 90 நாள் கணக்கும் கிடையாது. கார்டு முடிய இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறதென்றால், ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. விண்ணப்பம் தயாரான அன்றே போடலாம். வீட்டை விட்டு வெளியே வந்த பிறகும் போடலாம். கார்டின் காலத்தை 48 மாதம் நீட்டித்து ரசீதுக் கடிதம் அனுப்புவது 2023 முதல் நடைமுறை. பழைய கார்டையும் அந்தக் கடிதத்தையும் சேர்த்துக் காட்டி வேலை பார்க்கலாம். சொல்லப்போனால் இன்றைக்கே உங்களுக்கு வேலை பார்க்கும் உரிமை உண்டு. இரண்டு வருடக் கார்டு என்பதால் அரைகுறை கிரீன் கார்டு என்று யாராவது சொல்லியிருந்தால் அது தப்பு.

அந்த அண்ணன் சொன்னதில் பாதி உண்மை. டைவர்ஸைக் காரணம் காட்டித் தனியாகப் போடுவதற்கு இன்னொரு வழி இருக்கிறது, அதற்குத் தீர்ப்பு கையில் வேண்டும். கொடுமையைக் காரணம் காட்டிப் போட டைவர்ஸ் தேவையில்லை. கல்யாணம் நீடிக்கும்போதே போடலாம். அதற்குள் டைவர்ஸும் ஆகிவிட்டால் இரண்டு காரணங்களையும் ஒரே படிவத்தில் குறிக்கலாம்.

இந்த இடத்தில் பல பெண்கள் செய்யும் ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். 'அடிச்சதையெல்லாம் எழுதி அசிங்கப்படுத்த வேண்டாம் சார், டைவர்ஸ்னு மட்டும் போட்டுடலாம்' என்பார்கள். குடும்ப மானம் என்ற பழக்கம், புரிகிறது. ஆனால் நீங்கள் கேட்ட சிட்டிசன்ஷிப் கேள்விக்கான விடை இங்கேதான் ஒளிந்திருக்கிறது. கிரீன் கார்டு வந்து ஐந்து வருடம் ஆன பிறகு சிட்டிசன்ஷிப் கேட்கலாம் என்பது பொது விதி. சிட்டிசனான கணவருடன் சேர்ந்து வாழ்பவருக்கு மூன்று வருடம். பிரிந்துவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். ஆனால் சிட்டிசன் கணவரின் கொடுமையைக் காரணம் காட்டி நிபந்தனை நீக்கப்பட்டவர், பிரிந்திருந்தாலும் டைவர்ஸ் ஆனாலும், மூன்று வருடத்திலேயே கேட்கலாம். வெறும் டைவர்ஸைக் குறித்தவர் ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும். அசிங்கம் என்று நினைத்து எழுதாமல் விட்ட ஒரு காரணத்துக்கு விலை இரண்டு வருடம். அம்மாவை இங்கே கூட்டிவர ஆசை இருந்தால் இது சின்ன விஷயமில்லை. பெற்றோருக்கு ஸ்பான்சர் செய்ய சிட்டிசனால்தான் முடியும், கிரீன் கார்டு வைத்திருப்பவரால் முடியாது.

மூன்று வருடத்தை எங்கிருந்து எண்ணுவது? கார்டிலேயே 'ரெசிடென்ட் சின்ஸ்' என்று ஒரு தேதி அச்சிட்டிருக்கும், அதிலிருந்து. ஐ-751 முடிவாகாமல் இருந்தாலும் கடிகாரம் நிற்காமல் ஓடும். தேர்வைப் பற்றிப் பயம் வேண்டாம். 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 128 கேள்விகள் கொண்ட புதிய பட்டியல். அதிலிருந்து 20 கேட்பார்கள், 12-க்குச் சரியாகச் சொன்னால் போதும். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தவர்களுக்கு இது பெரிய காரியமா? டிரைவிங் லைசன்ஸ் எடுக்கப் போகும் இடத்தில் வாக்காளராகப் பதிய வேண்டுமா என்று கேட்பார்கள். நீங்கள் இன்னும் சிட்டிசன் இல்லை, வேண்டாம் என்று சொல்லுங்கள். தெரியாமல் பதிந்துவிட்டுப் பின்னால் அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

போலீஸ் ரிப்போர்ட் இல்லை என்பதுதான் உங்கள் பெரிய கவலை என்று தெரிகிறது. சட்டம் போலீஸ் ரிப்போர்ட்தான் வேண்டும் என்று கேட்கவில்லை. நம்பத்தகுந்த எந்த ஆதாரத்தையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பது விதி. கொடுமை என்றால் எலும்பு முறிய வேண்டும் என்பதும் இல்லை. வன்முறை மிரட்டல், அடைத்து வைப்பது, மனத்தளவில் வதைப்பது, பாலியல் வன்முறை எல்லாம் அதற்குள் அடங்கும். கார்டைக் காட்டி நாடு கடத்திவிடுவேன் என்று மிரட்டுவதையும் காசு கொடுக்காமல் வைத்திருப்பதையும் அந்த வதையின் பகுதியாகவே எழுதுங்கள்.

ஆதாரம் எங்கே இருக்கும்? பெரும்பாலும் உங்கள் பிரசவக் கோப்பில். கர்ப்பப் பரிசோதனைக்குப் போனபோது நர்ஸ் யாராவது 'வீட்டில் பாதுகாப்பாக இருக்கிறீர்களா' என்று கேட்டிருப்பார். பக்கத்தில் கணவர் நின்றதால் ஆமாம் என்று சொல்லியிருப்பீர்கள். பரவாயில்லை, அவர் பக்கத்தில் நின்றார் என்பதையும் எழுதுங்கள். கையில் கன்றிப்போன தடத்தை யாராவது குறித்து வைத்திருந்தால் அது தங்கம். மருத்துவக் கோப்பின் நகலைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. அப்புறம் வாட்ஸ்அப். அவர் அனுப்பிய செய்திகள், குரல் பதிவுகள், நீங்கள் தோழிக்கு அழுதுகொண்டே அனுப்பியவை. எதையும் அழிக்காதீர்கள். அவர் போனை எடுத்துப் பார்ப்பவர் என்றால் தோழியின் போனில் பாதுகாத்து வையுங்கள். நியூ ஜெர்சியில், நீங்கள் பங்கெடுக்கும் பேச்சை நீங்களே பதிவு செய்யலாம். கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் பொதுவாக மற்றவரின் சம்மதமும் வேண்டும். படிக்கும் மற்றவர்கள் கவனிக்க.

தமிழில் உள்ளதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தர வேண்டும். இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர், இது முழுமையான, சரியான மொழிபெயர்ப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். ஆனால் ஆளைப் பார்த்துக் கொடுங்கள். ஒரு முறை என்னிடம் வந்த பெண்ணின் வாட்ஸ்அப் செய்திகளில், கணவர் நாளைக்கு நாலு தடவை 'சனியனே' என்று திட்டியிருந்தார். மொழிபெயர்த்தவர் எல்லா இடத்திலும் 'சனிக் கிரகமே' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார். படிக்கிற அதிகாரி, ஏதோ வானியல் ஆர்வமுள்ள தம்பதி என்று நினைத்திருப்பார். நல்லவேளை, அனுப்புவதற்கு முன் பார்த்தோம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், நீங்களே எழுதும் வாக்குமூலம். தமிழிலேயே எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் 'அவர் என்னை மிகவும் கொடுமைப்படுத்தினார்' என்று பொதுவாக வந்து நிற்கும். தமிழில் எழுதினால் தோசைக்கல் வரும், கதவு வரும், அன்றைக்கு என்ன குழம்பு வைத்தீர்கள் என்பது வரும். அதிகாரி நம்புவது அதைத்தான். தேதி நினைவில்லை என்றால் இட்டுக்கட்ட வேண்டாம். தீபாவளிக்கு முந்தின வாரம், முதல் பனி விழுந்த அன்று என்று எழுதினால் போதும். மாமியார் செய்ததை எழுதும்போது, அப்போது உங்கள் கணவர் எங்கே நின்றார், என்ன சொன்னார், தடுத்தாரா தூண்டிவிட்டாரா என்பதையும் எழுதுங்கள். வழக்கு கணவரின் கொடுமையைப் பற்றியது. மாமியார் மட்டும் தனியாகச் செய்தார் என்று நிறுத்திவிட்டால் அது பாதி வழிதான் போகும்.

உங்கள் கல்யாணம் நிஜமானது என்பதையும் காட்ட வேண்டும். ஜாயின்ட் அக்கவுண்ட் இல்லையே என்று பயப்படாதீர்கள். கல்யாணப் போட்டோ, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், இருவரும் சேர்ந்து வரி தாக்கல் செய்திருந்தால் அதன் பிரதி (வரித் துறையிடமிருந்து நீங்களே வாங்கலாம்) எல்லாம் இருக்கும். வங்கிக் கணக்கில் பெயர் சேர்க்காமல் விட்டதே கொடுமையின் ஒரு பகுதிதான், அதை அப்படியே விளக்குங்கள்.

அவர் முந்திக்கொண்டு, இது பொய்க் கல்யாணம், கார்டுக்காக வந்தாள் என்று கடிதம் போடலாம். பலர் போடுகிறார்கள். கொடுமை செய்தவர் கொடுத்த தகவலை மட்டும் வைத்து உங்களுக்கு எதிராக முடிவெடுக்கக் கூடாது என்று சட்டம் தடுத்திருக்கிறது. நீங்கள் விண்ணப்பித்திருக்கிறீர்களா இல்லையா என்பதைக்கூட அவரிடம் சொல்லக் கூடாது. மீறும் அலுவலருக்கு அபராதம் உண்டு. அடுத்து டிபோர்ட். குடியேற்றத் துறையிடமிருந்து மறுப்பு வந்தாலும், உங்கள் வழக்கு இமிகிரேஷன் நீதிபதி முன் மறுபடி விசாரிக்கப்படும். கணவர் போன் பண்ணி ஆள் அனுப்பித் தூக்கிப்போகும் கதை, சமையலறையில் உங்களை மிரட்டுவதற்காகச் சொன்னது.

அவர் ஏற்கெனவே போட்டுவிட்ட கையெழுத்து ஒன்று இருக்கிறது. உங்களை வரவழைத்தபோது ஐ-864 என்ற உறுதிமொழியில் கையெழுத்திட்டிருப்பார். வறுமைக்கோட்டு வருமானத்தின் 125 சதவீத அளவுக்கு உங்களைத் தாங்குவேன் என்று அமெரிக்க அரசிடம் செய்த ஒப்பந்தம் அது. டைவர்ஸ் ஆனாலும் அது முடிவதில்லை. நீங்கள் சிட்டிசனாகும்வரை, அல்லது ஏறக்குறைய பத்து வருட வேலைக் கணக்குச் சேரும்வரை நீடிக்கும். அவர் தராவிட்டால் நீங்களே வழக்குப் போடலாம். பெண்ணின் குடும்ப வக்கீல் இதைக் கேட்க மறந்துவிடுவதும் உண்டு, நீங்கள் நினைவுபடுத்துங்கள்.

குழந்தை விஷயம் நியூ ஜெர்சிக் குடும்ப நீதிமன்றத்தின் கையில், அவர் கையில் இல்லை. இங்கே பாதுகாப்பு உத்தரவு கேட்டால் கட்டணம் இல்லை. கோர்ட் மூடியிருந்தால் போலீஸ் நிலையத்திலேயே கேட்கலாம். தற்காலிக உத்தரவு கிடைத்தால் பத்து நாளுக்குள் விசாரணை. இறுதி உத்தரவு வந்துவிட்டால் அதற்குக் காலக்கெடு கிடையாது. குழந்தையை யாரிடம் விடுவது என்று பார்க்கும்போது, கொடுமை செய்யாத பெற்றோரிடம் இருப்பதே நல்லது என்ற அனுமானத்தில்தான் நீதிபதி தொடங்க வேண்டும். ஆனால் நீங்களும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சொல்லாமல் வேறு நாட்டுக்கோ மாநிலத்துக்கோ போய்விடாதீர்கள். அது உங்கள் மேலேயே வழக்காகத் திரும்பும். மாநிலத்துக்குள்ளேயே பாதுகாப்பான இடம் போங்கள், உடனே குடும்ப வக்கீலைப் பாருங்கள்.

உங்கள் காகிதங்கள் எதுவும் கையில் இல்லை என்பதற்காகத் தயங்க வேண்டாம். குடியேற்றத் துறையிடம் உங்கள் முழுக் கோப்பின் நகலையும் ஆன்லைனில் கேட்டு வாங்கலாம். முடிந்தால் கார்டை ஒரே ஒரு முறை இரண்டு பக்கமும் படம் எடுத்துத் தோழிக்கு அனுப்பிவிட்டு, உங்கள் போனிலிருந்து நீக்கிவிடுங்கள். வீடு மாறினால் பத்து நாளுக்குள் துறைக்குப் புதிய முகவரி சொல்ல வேண்டும். இல்லையென்றால் உங்கள் கடிதமெல்லாம் பழைய வீட்டுக்குப் போய் அவர் கையில் விழும்.

உங்களைப் போலவே எழுதியிருக்கும் மற்றவர்களுக்கும் இரண்டு வரி. கணவர் சிட்டிசனாகவோ கிரீன் கார்டு வைத்திருப்பவராகவோ இருந்து, உங்களுக்குக் கார்டே போடாமல் விட்டிருந்தால், ஐ-360 படிவத்தில் நீங்களே உங்களுக்காக விண்ணப்பிக்கலாம். 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த வழி இது, ஆண்களுக்கும் பொருந்தும். டைவர்ஸ் ஆகிவிட்டால் இரண்டு வருடத்துக்குள் போட்டாக வேண்டும். வேலை விசாவில் வந்தவரின் துணைக்குத் தரும் எச்-4 விசாவில் இருப்பவர்களுக்கு இந்தக் கதவு இல்லை, வருத்தமான உண்மை. அவர்களுக்கு, குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான யு விசா இருக்கிறது. ஆனால் போலீஸ், அரசு வக்கீல் போன்றோரின் சான்று வேண்டும், வருடத்துக்கு 10,000 பேருக்குத்தான் என்பதால் வரிசை பல வருடம் நீளும். கணவர் எச்-1பி என்றால், கொடுமைக்கு ஆளான மனைவி தனியாக வேலை அனுமதி கேட்க ஐ-765வி என்ற படிவம் உண்டு. பல வக்கீல்களே மறந்துவிடும் படிவம் அது.

யாரிடம் போவது? ஃபார்ம் நிரப்பித் தரும் தெரிந்தவர், வரி ஆபீஸ்காரர், கோயிலில் பார்த்த அண்ணன், இவர்களிடம் இந்த வழக்கைக் கொடுக்காதீர்கள். பார் உரிமம் உள்ள வக்கீல், அல்லது அமெரிக்க நீதித் துறையின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதி, இந்த இரண்டில் ஒருவர்தான். நியூ ஜெர்சியில் 1985 முதல் தெற்காசியப் பெண்களுக்காக இயங்கும் மானவி என்ற அமைப்பு இருக்கிறது. காசில்லாதவர்களுக்கு லீகல் சர்வீசஸ் ஆஃப் நியூ ஜெர்சி இருக்கிறது. ராத்திரி எந்நேரமும் 1-800-799-7233 என்ற தேசிய உதவி எண்ணில் பேசலாம், மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். அடி விழும் நேரத்தில் 911 மட்டும்தான்.

அம்மாவிடம் சொல்லவா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அனுசரித்துப் போ என்று சொன்ன அதே அம்மா உங்கள் வழக்கின் நல்ல சாட்சி. திருநெல்வேலியில் இருந்துகொண்டே தமிழில் ஒரு வாக்குமூலம் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பலாம், நாம் மொழிபெயர்த்துக்கொள்வோம். சட்டமெல்லாம் அவர்களுக்கு விளக்க வேண்டாம். முதல் முறை அடி வாங்கிய அன்று நீங்கள் எந்நேரத்துக்கு அழைத்தீர்கள், என்ன சொன்னீர்கள், அப்போது வீட்டில் யார் இருந்தார்கள் என்று மட்டும் கேளுங்கள். உங்களுக்கு மறந்திருக்கலாம், அம்மாவுக்குக் கிழமைகூட நினைவிருக்கும்.